செருப்பு போட்ட எழுத்துகள்

சகல ஜனங்களுக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத என் மகனுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: என் வலது கை ஆள்காட்டி விரலில் ஏறியிருந்த மரச்சிராய் இன்று மதியம், அம்மாவின் ஊக்கு முனையால், பெரும் போராட்டத்துக்குப் பிறகு வெளியேற்றப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. கூச்சல் மட்டும் அடுத்த காம்பவுண்டு பனியன் கம்பெனி வரை கேட்டதாகத் தகவல். மர எழுத்துத் தொழிலில் உன் அம்மா வாங்கிய முதல் விழுப்புண் இது. வருங்காலச் சந்ததி இதை மறக்கக் கூடாது.

வருங்காலச் சந்ததி என்றால் நீதான், கண்ணு. நீ வருவதற்கு இன்னும் வெகுகாலம் கிடக்கிறது. எனக்கு இப்போதுதான் ப்ளஸ் டூ முடிந்திருக்கிறது. உன் அப்பா யாரென்று எனக்கும் தெரியாது. பாவம், அவருக்கும் தெரியாது. ஆனாலும் எழுத வேண்டிய அவசியம் வந்துவிட்டது, ஏனென்றால் ஊக்கைக் கையில் பிடித்தபடியே அம்மா ஒரு வார்த்தை விட்டுவிட்டார்: “உனக்குன்னு ஒண்ணு பொறந்து, அது உன்னயாட்டவே ஆட்டங்காட்டோணும். அப்பத் தெரியும் என்ற பாடு.” எங்கள் ஊட்டில் அம்மா மனசறிந்து சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை. ஆகவே நீ வருவது உறுதி, என்னைப்போலவே வருவதும் உறுதி. வந்து, வளர்ந்து, மீசை முளைத்து, ‘உனக்கு என்னம்மா தெரியும்’ என்று கேட்கிற வயதில் இதைப் படி. உன் அம்மாவுக்கு ஒரு மனிதரைத் தெரியும். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே என் பெருமையும் வரும், பொறுத்துக்கொள். எங்கள் பரம்பரைத் தொழிற்சாலையைக் காப்பாற்றியவள் நான் என்பதை வேறு யாரும் உனக்குச் சொல்லப் போவதில்லை.

அந்த மனிதர் உன் அப்புச்சி, அதாவது என் அப்பா. மர எழுத்து செய்கிற முதலாளி. மரத்தில் குடைந்த பெரிய பெரிய எழுத்துகள். மை தடவி அழுத்தினால் துணியிலும் காகிதத்திலும் பதியும். நெல்லும் கரும்புமாக இருந்த மடத்துக்குளத்து ஊட்டிலிருந்து, இப்போது எனக்கிருக்கிற வயதில், திருப்பூருக்குப் பஸ் ஏறியவர். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்க ஆரம்பித்து கட்டிங் மாஸ்டர் ஆனார். மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு குறித்து அறுப்பவர்தான் கட்டிங் மாஸ்டர். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் கேட்ட அளவுக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே அறுக்க வேண்டும். அந்தக் கூடுதலுக்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர். எங்கள் ஊரே ஷ்ரிங்கேஜில்தான் ஓடுகிறது. அம்மா எனக்கு யூனிபாரம் தைத்ததும் அதே கணக்கில்தான். சுருங்க வேண்டிய சட்டை சுருங்கவில்லை, வளர வேண்டிய நான் வளரவில்லை, பள்ளிக்கூடம் முழுக்க என்னை நடமாடும் கொடிக்கம்பம் என்று கூப்பிட்டது.

அப்பா மாஸ்டராக இருந்தபோது ஒரு வெளிநாட்டு ஆர்டருக்கு சாம்பிள் டி-சர்ட் வந்ததாம். நெஞ்சில் பெரிய எழுத்துகள், எழுத்துக்குள்ளே மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. கம்பெனியில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அதேபோலப் போட்டு அனுப்பினார்கள், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வந்தது. அப்பா அந்தச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது மரத்தோட ரேகைங்க. மரத்துல வெட்டித்தான் அழுத்தியிருக்கறாங்க” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மட்டும் ஒரு மரத்துண்டில், துணி அறுக்கிற கத்தியால் ஓர் எழுத்தை வெட்டிக்கொண்டு, திருப்பூரிலேயே இருக்கிற ராயபுரத்துக்குப் போனார். அங்கே அவருடைய சிநேகிதர் ஜமால் மாமா சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். மாமா மை தடவி அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றுவரை எங்கள் ஊட்டில் பிரசித்தம்: “மாப்ள, ரேகையெல்லாம் சோக்கா விழுந்திருக்குது. எழுத்துதான் நம்மளப் புடிக்காம அந்தப்பக்கம் திரும்பி நிக்குது.” அச்செழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பதே அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேறு யாராவது என்றால் அன்றைக்கே கத்தியைக் கீழே போட்டிருப்பார்கள். அப்பா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மறுபடி வெட்டினார். அந்தச் சட்டை ஆர்டர் இந்தத் தடவை திரும்பி வராமல் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் அவர் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டார். மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு நூல் மில் நின்றுபோயிருந்தது. நூல் சுற்றும் பாபின் கடைவதற்காக அறுத்து அடுக்கிய மஞ்சக்கடம்புக் கட்டைகள் அதன் குடோனில் பல வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாபினெல்லாம் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டதால் கேட்பாரில்லை. விறகுக்காரர் வருவதற்கு முன் அப்பா போய்விட்டார். மரம் ஈரமாக இருந்தால் இன்றைக்கு வெட்டிய எழுத்து நாளைக்குக் கோணிக்கொள்ளும். வருஷக்கணக்கில் காய்ந்தது கல் மாதிரி நிற்கும். மெஷினை அவரே கட்டினார். கழித்துப் போட்ட கட்டிங் மெஷினின் மோட்டார், பழைய தையல் மெஷினின் இரும்புக் கால், எங்கள் ஊட்டு ஜன்னலிலிருந்து இரண்டு கம்பி. (அந்த வழியாகப் பூனை வந்து பால் குடிக்கும்போதெல்லாம் அம்மா அப்பாவைத்தான் திட்டுவார், பூனையை அல்ல.) ஒரு முனையால் பெரிய அட்டை எழுத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனால், மறுமுனையில் சுழலும் ஊசி அதே எழுத்தைச் சின்னதாக மரத்தில் குடைந்து வைக்கும். எவ்வளவு சின்னது என்பதை நடுவிலிருக்கிற ஒரு திருகு தீர்மானிக்கும். அந்தத் திருகை ஞாபகம் வைத்துக்கொள் சாமி, இந்தக் கதையில் வில்லன் அதுதான்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக எங்கள் ஷெட்டில் அந்த மெஷினின் ரீங்காரம் உண்டு. மரத்தூள் மஞ்சளாகப் பறக்க, புருவமெல்லாம் மஞ்சள் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அப்பா நிற்பார். அட்டையின் வளைவில் அவர் கை போகிற வேகம் ஓரிடத்தில்கூடக் கூடாது, குறையாது. முழு எழுத்தும் முடிந்து ஊசியைத் தூக்கிய பிறகுதான் மூச்சு விடுவார். நானும் கூடவே மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறேன். பாதி எழுத்தில் எனக்குக் காது அடைத்துவிடும். உலகத்தில் எதையும் கிண்டல் பண்ணாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

மற்ற எல்லாவற்றையும் கிண்டல் பண்ணினேன். போன வருஷம் ஜமால் மாமா ஒரு கபடி டீமுக்கு சட்டை அச்சடித்துக்கொண்டிருந்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், பிய்ந்துபோன என் ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்து, எழுத்துகளில் ஒன்றின் அடியில் ஒட்டிவிட்டேன். அந்த ஒரு எழுத்து மட்டும் எம்பி நின்றது. அழுத்தியதும் சட்டையில் மற்றதெல்லாம் ஒழுங்காகப் பதிய, அது மட்டும் மை அப்பி, விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பியது. மாமா என்னைத் துரத்தினார். “மாப்ள, உன்ற புள்ளைக்குக் கல்யாணத்துக்கு நான் சீர் செய்யமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்!” செருப்புப் போட்ட அந்த எழுத்தை அப்படியே எடுத்து, சாட்சிப் பொருளாகத் தன் பட்டறை அலமாரியில் வைத்தார். அப்பா சட்டைக்கு வேறு துணி கொடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நீ சீக்கிரம் தெரிந்துகொள்வாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதுவரை எங்கள் எழுத்தெல்லாம் துணிக்குத்தான் போயிருந்தது. முதல் முறையாக வெளிநாட்டில் ஒரு சுவரொட்டி அச்சகத்திலிருந்து ஆர்டர் வந்தது. நடத்துகிறவர் ஒரு பெண்மணி. அவரிடம் பழைய மர எழுத்துகள் இருந்தன. பாதி உடைந்தும் தொலைந்தும் போயிருந்ததால், அதே அளவில், பழையதோடு கலந்து வைத்தால் வித்தியாசம் தெரியாதபடி புது எழுத்துகள் வேண்டும். தன் எழுத்துகளை அச்சடித்த ஒரு தாளும், எழுத்துகளை மேலிருந்தும் அடியிலிருந்தும் பிடித்த சில படங்களும் அனுப்பியிருந்தார். அப்பா மில் மரத்தில் மிச்சமிருந்த அத்தனையையும் இதற்கென்று இறக்கினார். இது பிடித்துப்போனால் இதேபோல இன்னும் அச்சகங்கள் வரும், துணியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். எழுத்தெல்லாம் முடிந்து, பெட்டியில் போடுவதற்கு முன் ஜமால் மாமா ஒரு தாளில் அழுத்திப் பார்த்து, அந்தப் பெண்மணியின் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

“மாப்ள, இங்க வா. இது கொஞ்சம் வளந்திருக்குதே.”

ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், பெரிசு. தனியாகப் பார்த்தால் தெரியாது. பழையதோடு வைத்தால், குடும்ப போட்டோவில் ஒரு ஆள் மட்டும் ஸ்டூல் மேல் நிற்கிற மாதிரி தெரிந்தது. ஷெட்டில் இருந்த எல்லாத் தலைகளும், எனக்கு மிகவும் பழக்கமான முறையில், என் பக்கம் திரும்பின.

“ஏனுங்க அம்மணி,” என்றார் ஜமால் மாமா, “உன்ற கைவேலதான?”

“சத்தியமா இல்லீங் மாமா!”

“கண்ணு, மெஷினத் தொட்டியா?” என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இல்லீங்ப்பா. இந்தத் தடவ நெசமாவே இல்லீங்ப்பா.”

உண்மையைச் சொல்லும்போது நம்ப ஆளில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? உனக்கு என் முதல் புத்திமதி இதுதான்: குறும்பு பண்ணு, ஆனால் நாலு நாளாவது லீவு விட்டுப் பண்ணு.  அப்பா மெஷினிடம் போய், குனிந்து, அந்தத் திருகைப் பார்த்தார். தொடாமல் வெறுமனே பார்த்தார். நிமிர்ந்து வந்து, ஷெட்டின் நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அவ மேல தப்பில்ல. நாந்தான். ஷ்ரிங்கேஜ் சேத்திப்போட்டேன்.”

அவ்வளவு வருஷம் துணி அறுத்த கை. அளவைப் பார்த்ததும், மூளையைக் கேட்காமலே, சுருங்குவதற்கு இடம் சேர்த்துத் திருகை நிறுத்திவிட்டது. சட்டைக்கு வெட்டுகிற எழுத்துக்கு அது சரி. ஜமால் மாமா மெதுவாகச் சொன்னார்: “மாப்ள, போஸ்டர ஆரு தொவைக்கறாங்க?” யாரும் சிரிக்கவில்லை; மாமாவே சிரிக்கவில்லை. வேறு ஊரில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. திருப்பூரில், கட்டிங் மாஸ்டராக இருந்த ஒரு மர எழுத்து முதலாளிக்கு மட்டுமே வரும். ஆனால் வேலைக்காரர்கள் முன்னால், மகள் மேல் பழியைப் போட வசதியாக எல்லோரும் தயாராக நிற்கும்போது, அதை அப்படிச் சத்தமாகச் சொல்வதும் அவருக்கு மட்டுமே வரும் என்று நினைக்கிறேன்.  நான் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய மரத்தூளை மறுபடி கூட்டினேன்.

மெஷின் நின்றது. ஷெட்டில் வேலை பார்க்கிற பீகார்க்கார பப்லு அண்ணன் தன்னுடைய திருப்பூர்த் தமிழில் கேட்டார்: “மொதலாளி, நாளைக்கு நான் வருதுங்களா, வேண்டாமுங்களா?” அப்பா சொன்னார்: “வா சாமி. வேல இருக்குது. என்ன வேலைன்னுதான் எனக்கே தெரியல.” அடுத்தடுத்த நாட்களில் உடுமலை, பொள்ளாச்சி என்று மரத்துக்காக அலைந்தார். கிடைத்ததெல்லாம் பச்சை மரம். காய வருஷங்கள் ஆகும். ஆர்டரோ அந்த மாசக் கடைசிக்குள் போயாக வேண்டும். இந்தச் சேதி எப்படியோ பழைய பனியன் கம்பெனி முதலாளிக்குப் போய்விட்டது. சாப்பிடும்போது போன் வந்தது. கையில் சோறு இருந்ததால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “மாஸ்டர், உங்க டேபிள் அப்பிடியே இருக்குதுங்க. சங்கடப்படாம வாங்க. பொம்மை எழுத்தெல்லாம் இனி எதுக்குங்க?” நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். ‘பொம்மை எழுத்து’ என்றதற்கு ஒரு வெடி வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர், “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார், தட்டு நிறைந்தது தெரியாமல். அப்பா திரும்பவும் இன்னொருத்தர் மேசையில் நின்று துணி அறுக்கப் போகிறார் என்று அன்றைக்கு மூன்று பேரும் நம்பினோம். உன் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு நாள் யாரையும் கேலி செய்யாமல் இருந்தாள். காய்ச்சலா என்று என் அம்மா தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் நானும் அப்பாவும் ராயபுரம் போனோம். ஜமால் மாமாவுக்குத் தர வேண்டிய எழுத்துகளைத் தந்துவிட்டு, கடையைக் கட்டப் போகிற சேதியைச் சொல்வதற்காக என்று எனக்குப் புரிந்தது. மாமா டீ சொல்லப் போனார். அப்பா சும்மா அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சாட்சிப் பொருளைக் கையில் எடுத்தார். திருப்பினார். செருப்பைத் தடவினார். மறுபடி நேராக்கினார். மறுபடி திருப்பினார்.

“சாமி, இத நீதான ஒட்டுன?”

இப்போதா, இந்த நேரத்திலா என்று நினைத்துக்கொண்டு, “ஆமாங்ப்பா” என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். டீயோடு வந்த மாமா பயந்துவிட்டார். “மாப்ள, என்னடா ஆச்சு?”

“எழுத்து பெருசாத்தான இருக்குது? முகத்தச் சீவி எறிஞ்சுபோட்டு, அதே கட்டையில சின்ன எழுத்தாக் கொடஞ்சுக்கலாம்டா.”

“சீவுனா ஒசரம் கொறைஞ்சு போகுமே.”

“கொறையற ஒசரத்துக்கு,” என்று என் செருப்பை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார் அப்பா, “இதாட்டம் ஒண்ணப் போட்டுட்டாப் போச்சு!”

ரப்பர் இல்லை, வாகை மரத்தில் மெல்லிய வில்லைகள். எங்கள் ஊட்டுப் பழைய வாகைப் பெஞ்சு அதற்காக உயிரை விட்டது. (ஜன்னலுக்கு அடுத்து பெஞ்சு. கதவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.) ஒவ்வொரு எழுத்தின் முகத்தையும் இழைத்து, புதுசாகக் குடைந்து, அடியில் வில்லை ஒட்டி, அதையும் இழைத்து உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். முடியளவு குட்டையானாலும் அது தாளைத் தொடாது, ஊமையாகிவிடும். அப்பா அத்தனையையும் மேசையில் நிறுத்தி, மேலே ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்து, டிஷ்யூ காகிதத் துண்டை ஒவ்வொரு எழுத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பார். நுழையவில்லை என்றால் எழுத்து தேறியது. பப்லு அண்ணன் ஒவ்வொன்றுக்கும் “பாஸ்!” என்று கத்துவார். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை.

அனுப்புவதற்கு முன் என்னை உட்காரவைத்து மெயில் எழுதச் சொன்னார். இங்கிலீஷ் என் இலாகா. நான் அழகாக ஒரு மெயில் தயாரித்தேன், செருப்பைப் பற்றி மூச்சு விடாமல். “எங்கே, தமிழ்ல சொல்லு” என்று கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: “அடியில வேற மரம் ஒட்டியிருக்குதுன்னு சொல்லிப்போடு கண்ணு. வேண்டாமுன்னாத் திருப்பி அனுப்பட்டும்.” “அடியப் போயி ஆருங்ப்பா பாக்கப்போறாங்க?” என்றேன். “நான் பாத்தனே” என்றார். மகனே, பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய போர்டு இருக்கிறது, வாசலில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. என் அப்பாவிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதைக் கேட்டபோதுதான் இவர் முதலாளி என்று எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. நான் தலையைக் குனிந்து அந்த வரியை டைப் செய்தேன்.

எழுத்துகள் போய்ச் சேர்ந்து, அந்தப் பெண்மணி ஏற்றுக்கொண்டார். இன்னொரு அச்சகத்துக்கும் சொல்லி, அங்கிருந்தும் கேட்டு வந்தது. அப்பா பழைய முதலாளிக்குப் போன் போட்டார். “டேபிளுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்குப் பொம்மை எழுத்து ஒரு வண்டி கெடக்குதுங்க.” போனை வைத்துவிட்டு, அம்மாவிடம் ரசம் கேட்டார். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பிரமிப்பு. அந்தப் பச்சை மரம் இருந்ததே, காய வருஷங்கள் ஆகும் என்றது, அதை ஒரு லாரி வாங்கிக் குறுக்கே அறுத்து, ஷெட்டின் பின்னால் காற்றோட்டமாக அடுக்கிவிட்டார். கைவசத்துக்கு வேறொரு மில்லில் கொஞ்சம் காய்ந்த மரம் கிடைத்தது. இது அதற்கும் அப்பால். “இது எப்பங்ப்பா ஆகும்?” என்றேன். “ஆகறப்ப ஆகும். ஆராச்சும் வெட்டுவாங்க” என்றார். தன் கை தொடாமலே போகக்கூடிய எழுத்துகளுக்கு இப்போதே மரம் அடுக்குகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீ நடக்கப் பழகும்போது அது காய்ந்திருக்கும். அதில் ஒரு கட்டை உன்னுடையது.

அன்றிலிருந்து ஊரெல்லாம் அப்பா ஒன்றைச் சொல்லித் திரிகிறார்: “அந்தச் செருப்பு யோசன என்ற புள்ளையோடதுங்க.” ஜமால் மாமா எனக்குச் சீர் செய்ய மறுபடி சம்மதித்துவிட்டார். நானும் காலரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். நீயும் இவ்வளவு தூரம் படித்து, ‘என் அம்மா கில்லாடிதான்’ என்று நினைத்திருப்பாய். அப்படியே நினைத்துக்கொள்ள விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ‘நான் பாத்தனே’ என்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெண்மணியின் பதில் மெயிலை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியது நான்தான். வாசிக்கும்போது ஒரு வரியை விழுங்கிவிட்டேன். அது இப்படி இருந்தது: அடியில் ஒட்டியதற்காக மன்னிப்பெல்லாம் எதற்கு, என் பழைய எழுத்துகளின் அடியிலும் யாரோ எந்தக் காலத்திலோ காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், அச்சுக்காரர்கள் எப்போதும் செய்வதுதானே. அதாவது உன் அம்மாவின் மாபெரும் கண்டுபிடிப்பு உலகத்துக்கே தெரிந்த பழைய சமாச்சாரம். எனக்கும் தெரியும். குட்டையான எழுத்துக்கு அப்பா டிஷ்யூ ஒட்டுவதை நான் தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து திருடிக் காகிதத்துக்குப் பதில் செருப்பை வைத்தது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. வாசித்து முடித்ததும் அப்பா, “அந்தம்மா காயிதத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியா? படத்துல அடியில ஒட்டியிருந்துதே” என்று கேட்டார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். “செரி செரி” என்றார். அதற்கு மறுநாள்தான் ‘என்ற புள்ள யோசன’ என்று சொல்ல ஆரம்பித்தது. ஏனுங்ப்பா என்று கேட்டதற்கு, “உன்றதப் பாத்துத்தான எனக்கு நெனப்பு வந்துது? மொதல்ல ஒட்டுனது ஆருன்னு பசை கேக்குமா?” என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று மதியம் அம்மா எடுத்த அந்த வரலாற்றுச் சிராயை அப்பா ஊக்கு முனையிலிருந்து தன் விரலில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் தொழிலில் விழுந்த என் முதல் காயத்தைப் பற்றி அப்போது உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது நம்ம மரமில்லியே கண்ணு. ஐஸ் குச்சியாட்ட இருக்குது.”

ஐஸ் குச்சிதான்.